அளவு ஜாக்கெட்டும் அடிப்படைப் படிவமும்: தையல் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு சொற்களில் ஒரே குறையைச் சொல்கின்றன: ‘அளவு சரியாகத்தான் எடுத்தேன், ஆனால் ரவிக்கை சரியாக அமையவில்லை.’ ஆகவே இந்தப் பகுதி முழுவதையும், ஒருவருடைய உடலுக்கென்று ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டு எல்லா உடைகளுக்கும் பயன்படுத்தக்கூடிய அடிப்படைப் படிவத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். தையல் வகுப்புகளில் இதையே பேசிக் பேட்டர்ன் என்பார்கள்.

கேள்வி: என் மார்புச் சுற்றளவு 38 அங்குலம். அதை நான்கால் வகுத்து வெட்டினால் மார்பில் பொருந்துகிறது. ஆனால் தோள் நழுவி விழுகிறது, கழுத்து வாய் பிளந்து நிற்கிறது. பழைய அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டினாலோ முன்பக்கம் இறுக்குகிறது. எதைத்தான் நம்புவது? (மதுரை வாசகி)

பதில்: இரண்டையும் முழுமையாக நம்ப வேண்டாம் என்பதே என் பதில். அளவு ஜாக்கெட் என்பது பலமுறை துவைத்து, ஓரிரு முறை பிரித்துத் தைத்து, உடலின் இழுப்புக்கெல்லாம் வளைந்து கொடுத்துப் பழகிய துணி. அதை மேசைமேல் விரித்து அளந்தால் அகலமும் நீளமும் கிடைக்குமே தவிர, டாட் (உடலின் வளைவுக்கேற்பத் துணியைக் கூர்முனையாக மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடித்ததனால் உண்டான குழிவு கிடைக்காது. விரித்து வைக்கும்போது அந்தக் குழிவு மடிந்து அமுங்கிப் போவதால் முன்பக்கத்தின் உண்மையான நீளம் சுமார் அரை அங்குலமாவது குறைவாகவே நம் கணக்கில் வருகிறது. உங்களுக்கு முன்பக்கம் இறுக்குவதன் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

நான்கால் வகுக்கும் கணக்கின் குறை வேறு வகையானது. அந்தக் கணக்கு மார்புச் சுற்றளவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தோள், கழுத்து, ஆம்ஹோல் (கையைப் பொருத்தும் வளைவு) எல்லாவற்றையும் ஊகித்துவிடுகிறது. தோளின் அகலமும் கழுத்தின் அகலமும் எலும்பைச் சார்ந்தவை. மார்பு பருத்தால் அவையும் பருக்கும் என்று கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை. 38 அங்குல மார்புள்ள இரு பெண்களில் ஒருத்திக்கு முதுகு அகன்றும் மார்பு சிறுத்தும் இருக்கலாம். இன்னொருத்திக்கு முதுகு ஒடுங்கியும் மார்பு நிறைந்தும் இருக்கலாம். நாடா இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அதனால் ஓர் அளவுக்குப் பதிலாக இரண்டு அளவு எடுங்கள். முதலாவது மேல் மார்பு: நாடாவை இரு அக்குள்களின் கீழ் உயர்த்திப் பிடித்து, மார்பின் பருமனான பகுதிக்கு மேலாகச் சுற்றி எடுப்பது. இரண்டாவது, மார்பு முனைகளின் மேல் தரைக்கு இணையாகச் சுற்றி எடுக்கும் முழு மார்பு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 2 அங்குல வேறுபாடு இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் பல வரைபடக் கணக்குகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு மேல் மார்பு 34 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேறுபாடு 4 அங்குலம். நீங்கள் வரைய வேண்டியது 38-க்கான படிவம் அன்று. 34 உடன் 2 சேர்த்து 36-க்கான படிவம். தோளும் கழுத்தும் முதுகும் 36-க்கு உரியவையாகவே இருக்கட்டும். குறைகின்ற 2 அங்குலத்தை முன்பக்கத்தில் மட்டும், இடது பாதிக்கு ஓர் அங்குலம், வலது பாதிக்கு ஓர் அங்குலம் என்று சேர்க்க வேண்டும்.

அந்த ஓர் அங்குலத்தைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துவிட்டால் பயன் இல்லை. அகலம் தேவைப்படுவது மார்பு முனையில்தான். பிரவுன் பேப்பரில் முன்பக்கப் பாதியைத் தையலுக்கு விடும் துணி சேர்க்காமல் வரைந்து, மார்பு முனையைப் புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பிலிருந்து கீழ் டாட்டின் நடுவழியாக அந்தப் புள்ளி வரை நேராக வெட்டி, அங்கிருந்து திரும்பி ஆம்ஹோல் வளைவின் கீழ்ப்பகுதியை நோக்கி வெட்டிச் செல்லுங்கள். ஆனால் வளைவின் கோட்டருகே நூலிழை அளவு காகிதத்தை வெட்டாமல் விட்டுவிட வேண்டும், அதுதான் கீல் போல இயங்கும். அடுத்து, பக்கவாட்டுத் தையல் கோட்டிலிருந்து பக்க டாட்டின் வழியாக அதே புள்ளியை நோக்கி இன்னொரு வெட்டு; இங்கும் புள்ளியருகே நூலிழை அளவு காகிதத்தை வெட்டாமல் விட வேண்டும். இப்போது வெளிப்பாதியை மெல்ல நகர்த்தினால், மார்பு முனையிலிருந்து கீழ் விளிம்பு வரை இரு வெட்டு ஓரங்களும் ஓர் அங்குல இடைவெளியில் இணையாக நிற்கும். பக்க டாட் தானாகவே அகன்று திறந்துகொள்ளும். நடுப்பகுதி மட்டும் கீழே சற்றுக் குட்டையாகத் தெரியும். மார்பு முனைக்குக் கீழே அந்தப் பகுதியைக் குறுக்கே வெட்டி, மற்றப் பகுதியின் விளிம்போடு சமமாகும் வரை கீழே இறக்கி ஒட்டுங்கள். குட்டையாகத் தெரிந்த அந்த அளவுதான், நிறைந்த மார்பின் மேல் ஏறி இறங்குவதற்குத் துணி இல்லாமல் இதுநாள் வரை உங்களை இறுக்கிக்கொண்டிருந்த நீளம்.

கீழ் விளிம்பில் கூடியிருக்கும் ஓர் அங்குலத்தைக் கீழ் டாட்டிலேயே பிடித்துவிடுங்கள்; கீழ்ச் சுற்றளவு மாறாது. தோள் கோட்டையும் ஆம்ஹோலையும் நாடாவால் மறுபடி அளந்து பார்த்தால் இரண்டும் வெட்டுவதற்கு முன் இருந்தபடியே இருக்கும். உங்கள் தோள் நழுவாமல் இருப்பதற்கான உறுதி அதுதான். டாட்டின் கூர்முனை மார்பு முனையைத் தொடக் கூடாது. அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை முன்னதாகவே நின்றுவிட வேண்டும்.

மற்ற அளவுகளைப் பொறுத்தவரை, முதுகு அகலம், மார்பு முனைகளுக்கு இடையிலான தூரம், தோளும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து மார்பு முனை வரையான ஆழம், அதே இடத்திலிருந்து மார்பு முனை வழியாகக் கீழ் விளிம்பு வரையான முன் நீளம், அதற்கு ஈடான பின் நீளம் ஆகியவற்றைத் தவறாமல் எடுங்கள். எந்த உள்ளாடையோடு அணியப் போகிறீர்களோ அதையே அணிந்து, இன்னொருவரை எடுக்கச் சொல்லி, வழக்கமாக நிற்பதுபோல் நில்லுங்கள். அளவெடுக்கும்போது மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நிற்பது எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். அந்த நிமிர்வுக்கு வெட்டிய ரவிக்கை, அடுப்படியில் குனிந்து வேலை செய்யும் உடலுக்கு ஒருபோதும் பொருந்தாது. தளர்வுக்கென்று புடவை ரவிக்கைக்கு மார்பில் மொத்தம் ஒன்றரை அங்குலம் போதும். சுடிதார் டாப் என்றால் 3 முதல் 4 அங்குலம் வேண்டும்.

கேள்வி: படிவத்தைக் காகிதத்தில் வரைந்த பிறகு, அதைக் காடா துணியில் (சாயமிடாத சாதாரணப் பருத்தித் துணி) ஒரு முறை தைத்துப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். வீண் செலவு அல்லவா? நேரடியாக டூ பை டூ ரவிக்கைத் துணியிலேயே வெட்டிவிடலாமே? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: வெட்டலாம், அந்த ஒரு ரவிக்கை வீணானாலும் பரவாயில்லை என்றால். என் தொடக்க காலத்தில், பட்டுப்புடவையோடு சேர்ந்து வந்த ரவிக்கைத் துணியைக் கணக்கை மட்டும் நம்பி நேரடியாக வெட்டினேன். முன் நீளம் அரை அங்குலம் குறைந்துபோயிற்று. புடவையோடு நெய்த அந்தத் துண்டுக்கு மாற்றாக வேறொன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதே நிறமும் அதே கரையும் கிடைப்பதில்லை. அந்தப் புடவைக்கு உரியவரின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு, புதிதாக ஒருவருக்கு வெட்டும்போது காடா துணியில் பார்க்காமல் நான் கத்தரியை எடுத்ததில்லை.

வீட்டில் கிழிந்த பருத்திப் படுக்கை விரிப்பு இருந்தால் செலவே இல்லை. புதுக் காடா என்றால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். படிவத்தின் நடுக்கோடு துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலோடு ஒத்திருக்கட்டும். இதில் சற்றே சாய்ந்தாலும் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கை நீங்கள் அளவுப் பிழை என்று எண்ணிக் காகிதத்தில் திருத்தத் தொடங்குவீர்கள். பக்கவாட்டிலும் தோளிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விடுங்கள். நடுக்கோடு, மார்புக் கோடு, கீழ்க்கோடு மூன்றையும் துணியின் மேற்புறத்தில் பென்சிலால் வரைந்துகொண்டு, நீண்ட தையல் வைத்து இணையுங்கள். கைகளை இப்போது பொருத்த வேண்டாம்.

கழுத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடிப்படைப் படிவத்தில் கழுத்து, கழுத்தடியை ஒட்டியே இருக்க வேண்டும். பின்கழுத்து 9 அங்குலம், 10 அங்குலம் இறக்கி வெட்டிய ரவிக்கையை வைத்துத் தோள் சரியா என்று பார்ப்பது முடியாத காரியம்; முதுகில் பிடிப்பதற்குத் துணியே இல்லாதபோது எந்தத் தோளும் நழுவத்தான் செய்யும். மூடிய கழுத்தில் தோள் அசையாமல் உட்கார்ந்த பிறகு, விரும்பிய ஆழத்தைப் படிவத்தின் நகலில் வெட்டிக்கொள்ளலாம்.

அணிந்து கண்ணாடி முன் நின்றதும் முதலில் அகலத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் வரைந்த கோடுகளைப் பாருங்கள். மார்புக் கோடு தரைக்கு இணையாக ஓடுகிறதா? முன்னால் மேலேறி நின்றால் முன் நீளம் போதவில்லை. நடுக்கோடு ஒரு பக்கம் சாய்ந்தால் இரு தோள்களும் சமமில்லை. பிறகு சுருக்கங்களைப் படியுங்கள். இறுகி நீட்டிக்கொண்டிருக்கும் சுருக்கம், துணி போதாத இடத்தைத் தன் முனையால் சுட்டிக்காட்டும். தளர்ந்து தொங்கும் மடிப்பு, துணி மிகுதியாக உள்ள இடத்தில் விழும். கழுத்தருகிலிருந்து அக்குளை நோக்கிச் சரிந்து விழும் மடிப்பு இருந்தால் உங்கள் தோள் படிவத்தைவிடச் சரிவானது. தோள் முனையில் கால் அங்குலம் இறக்கி, ஆம்ஹோலின் அடியையும் அதே அளவு இறக்க வேண்டும். பின்கழுத்துக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு சேர்ந்தால் தோள் நேரானது. இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். முன்கழுத்து வாய் பிளந்தால், பிளக்கும் அளவைக் கழுத்து ஓரத்தில் ஊசியால் பிடித்துப் பாருங்கள். கால் அங்குலம் என்றால், காகிதத்தில் கழுத்திலிருந்து மார்பு முனை வரை வெட்டி, கழுத்தருகே கால் அங்குலம் ஏற்றி ஒட்டுங்கள். அந்த அளவு கீழ் டாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கழுத்து நாடாவை இழுத்துத் தைத்து அடக்குவது, பிழையை மூடிவைப்பதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். தோளைச் சரிசெய்ததும் கீழே கண்ட சுருக்கங்களில் பாதி தாமாகவே மறைந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கையை உயர்த்தினால் ரவிக்கை முழுவதும் மேலே ஏறுகிறது. ஆம்ஹோலை ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் இறக்கி வெட்டிக்கொண்டே வருகிறேன். நிலைமை மோசமாகிறதே தவிரச் சீராகவில்லை. (சேலம் வாசகி)

பதில்: நீங்கள் எதிர்த் திசையில் நடந்துகொண்டிருக்கிறீர்கள், சகோதரி. கை உயரும்போது அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை உடலின் பக்கவாட்டு நீளம் கூடுகிறது. அந்த நீளத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியது பக்கவாட்டுத் தையல். ஆம்ஹோலை இறக்க இறக்கப் பக்கவாட்டுத் தையல் குறுகுகிறது. கையோ உடலோடு இன்னும் தாழ்ந்த இடத்தில் இணைக்கப்பட்டுவிடுகிறது. பிறகு கையைத் தூக்கினால் ரவிக்கையையும் சேர்த்துத்தான் தூக்க முடியும். பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்கும் பெண்ணுக்கு இது சிறிய துன்பம் அன்று.

அக்குளில் ஓர் அளவுகோலை லேசாகப் பிடித்து, அதற்கு அரை அங்குலம் அல்லது முக்கால் அங்குலம் கீழே ஆம்ஹோலின் அடி வருமாறு உயர்த்தி வரையுங்கள். உயர்த்தியதும் வெட்டுகிறது என்று தோன்றினால், ஆழத்தைத் தொடாமல் முன் வளைவைச் சற்று உட்குழிவாக்குங்கள். குத்துவது பெரும்பாலும் அந்த இடம்தான். அடுத்து, கையின் மேல் வளைவைப் பாருங்கள். வளைவு உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால், கை தொங்கும்போது அழகாக விழும், உயர்த்தும்போது பிடிக்கும். உயரத்தை அரை அங்குலம் குறைத்து, வளைவின் மொத்த நீளம் மாறாதபடி அகலத்தைக் கூட்டினால் அசைவு கிடைக்கும். தொங்கும் நிலையில் அக்குளருகே சிறு மடிப்பு ஒன்று விழும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கையின் வளைவு, ஆம்ஹோலைவிட மொத்தத்தில் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை கூடுதலாக இருக்கட்டும். இரண்டையும் தையல் கோட்டின்மேல், நாடாவை விளிம்பில் நிற்கவைத்து அளக்க வேண்டும். நாடாவைப் படுக்கவைத்து அளந்தால் வளைவில் அளவு தவறும்.

கேள்வி: எனக்கு வலது தோள் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்தது. இரு பக்கத்துக்கும் ஒரே படிவம் போதுமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: போதாது. வலது, இடது இரண்டுக்கும் தனித்தனியே படிவம் வரைந்து, எது எந்தப் பக்கம் என்று பெரிதாக எழுதிவையுங்கள். துணியை இரண்டாக மடித்து வெட்டுவதையும் விட்டுவிடுங்கள். வேறுபாடு கால் அங்குலத்துக்குள் என்றால், தாழ்ந்த தோளில் மெல்லிய பஞ்சு அட்டை வைத்துச் சமன் செய்யலாம்.

கேள்வி: என் தாயாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. முதுகு வளைந்திருக்கிறது. எந்த ரவிக்கையும் பின்கழுத்தில் ஏறி, முன்னால் தொளதொளவென்று தொங்குகிறது. கடைகளில் பெரிய அளவாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். அது இன்னும் தொங்குகிறது. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தாயாருக்காக இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதியதற்கு உங்களுக்கு என் நன்றி. வயதானவர்களின் உடைக்குத் தளர்வாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களே மிகுதி. உங்கள் தாயாருக்குத் தேவைப்படுவது பெரிய அளவு அன்று. பின்னால் கூடுதல் நீளமும் முன்னால் குறைந்த நீளமும்தான்.

பின் நீளத்தை வளைவின் மேலாக, நாடா உடலைத் தொட்டபடி எடுங்கள். பின்பக்கப் படிவத்தில், தோள்பட்டை எலும்பு புடைத்திருக்கும் மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து ஆம்ஹோல் வரை குறுக்கே வெட்டி, ஆம்ஹோல் முனையில் மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டு, நடுவில் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை திறந்து ஒட்டுங்கள். நடுக்கோடு இப்போது கழுத்தருகே சற்று உள்ளே சாயும். பின்நடுவில் மடிப்பு வைத்து வெட்ட வேண்டியிருப்பதால் அதை நேராக்கிவிட்டு, அதனால் கழுத்தில் கூடும் அகலத்தைப் பின்கழுத்தின் இரு பக்கமும் சிறு டாட்டாகப் பிடியுங்கள். தோள் தையலை, தோள் முனையில் முன்பக்கமாக அரை அங்குலம் நகர்த்துங்கள். வளைந்த முதுகோடு தோளும் முன்னோக்கி வந்திருக்கும். கையின் மேல் வளைவில் உள்ள நடுக்குறியையும் அதே அளவு முன்னே தள்ள வேண்டும். முன்பக்கத்தில், மார்புக்கு மேலே தொங்கும் மிகுதியைக் குறுக்காக ஊசியால் பிடித்து, அதே அளவைக் காகிதத்தில் மடித்துக் குறையுங்கள்.

கொக்கிகள் முன்பக்கமே இருக்கட்டும். மூட்டுவலியுள்ள விரல்களுக்குச் சிறு கொக்கி சிரமம் தரும் என்பதால், நெருக்கமாக ஆறு வைப்பதைவிடச் சற்றுப் பெரியதாக நான்கு வைத்து, உள்ளே அழுத்தாத மென்மையான பருத்திப் பட்டி கொடுங்கள். தைத்துப் பார்க்கும்போது அவரை நிற்கவைத்துக்கொண்டே இருக்காதீர்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்தும் பாருங்கள், அவர் பெரும்பொழுது அணியப்போவது அந்த நிலையில்தான்.

கேள்வி: சரியாக வந்த படிவத்தை எப்படிப் பாதுகாப்பது? ரவிக்கைப் படிவத்திலிருந்தே பிரின்சஸ் கட்டும் சுடிதார் டாப்பும் வெட்ட முடியுமா? எத்தனை ஆண்டுகளுக்கு அது செல்லும்? (புதுச்சேரி வாசகி)

பதில்: காடா துணியில் செய்த திருத்தங்கள் அனைத்தையும் காகிதத்துக்கு மாற்றி, டாட்டின் இரு கால்களும் சம நீளமா, முன் பின் பக்கவாட்டுக் கோடுகள் சம நீளமா, தோளை இணைத்துப் பார்க்கும்போது கழுத்தும் ஆம்ஹோலும் கூர்மையில்லாமல் வழுவழுப்பாக ஓடுகின்றனவா என்று சரிபார்த்த பிறகு, தடித்த சார்ட் அட்டையில் பதித்துக்கொள்ளுங்கள். தையலுக்கு விடும் துணியை அட்டையில் சேர்க்கவே கூடாது. அது துணிக்குத் துணி, உடைக்கு உடை மாறுவது. பெயர், தேதி, எடுத்த அளவுகள், சேர்த்திருக்கும் தளர்வு ஆகியவற்றை அட்டையிலேயே எழுதி, துளையிட்டு ஆணியில் மாட்டிவையுங்கள். மடித்தால் மடிப்பில் அளவு மாறும். இந்த அட்டையின் மேல் கத்தரி படக் கூடாது. எதை வெட்டுவதானாலும் நகல் எடுத்தே வெட்ட வேண்டும்.

பிரின்சஸ் கட் என்பது இதே டாட்டுகளின் இடமாற்றம்தான். நகலில் பக்க டாட்டை மூடி, அந்த அளவை ஆம்ஹோலுக்கு மாற்றி, அங்கிருந்து மார்பு முனை வழியாகக் கீழ் டாட்டோடு வளைவாக இணைத்து இரண்டாகப் பிரித்தால் முடிந்தது. சுடிதார் டாப்புக்கு, பக்கவாட்டில் தளர்வைக் கூட்டி, ஆம்ஹோலை அரை அங்குலம் இறக்கி, அதற்கேற்பக் கையையும் அகலப்படுத்தி, இடையிலிருந்து கீழே இடுப்பளவு பார்த்து நீட்டிக்கொள்ளலாம். சுடிதார் டாப்பில் தளர்வு மிகுதி என்பதால் இந்த இறக்கம் தாங்கும். ஒட்டிய ரவிக்கையில் தாங்காது.

ஆண்டுக் கணக்கு எதுவும் இதற்கு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேல் மார்பு, முழு மார்பு, கீழ்ச் சுற்றளவு மூன்றையும் எடுத்து அட்டையில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். முழு மார்பு மட்டும் மாறியிருந்தால் மதுரை வாசகிக்குச் சொன்ன வெட்டை மட்டும் மறுபடி செய்தால் போதும். மேல் மார்பே ஓர் அங்குலத்துக்கு மேல் மாறியிருந்தால் புதிதாக வரையுங்கள். குழந்தை பெற்றவர்கள், பால் கொடுப்பதை நிறுத்திய பிறகு சில மாதங்கள் பொறுத்து அளவெடுப்பது நல்லது; அதுவரைக்கும் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைத்துக்கொண்டால் பிரித்துக் கொடுக்க வசதியாக இருக்கும்.